காலையில் உதறல், சூடானதும் சரியாகிவிடுகிறது: செரோகி 140 விமான எஞ்சின், டர்பன்

செரோகிபங்காளி (டர்பன்)

எல்லோருக்கும் வணக்கம். இங்கே டர்பனில் இருக்கும் வர்ஜீனியா விமான நிலையத்தில் நாலு பேர் பங்கு போட்டு ஒரு பழைய பைப்பர் செரோகி 140 விமானம் வைத்திருக்கிறோம். எஞ்சின் லைகமிங் ஓ-320, 150 குதிரைத்திறன், கார்புரேட்டர் வகை. ஆர்பிஎம் (சுழல்வேகம்), ஆயில் பிரஷர், ஆயில் டெம்பரேச்சர் முள் எல்லாம் உண்டு, ஒவ்வொரு சிலிண்டரைப் பற்றியும் தனியாகச் சொல்லும் கருவி எதுவும் இல்லை.

பிரச்சினை இதுதான். காலையில் முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் உதறுகிறது. லேசான நடுக்கம் இல்லை, ஒரு சிலிண்டர் வேலையே செய்யாத மாதிரி பேனல் மொத்தமும் ஆடுகிறது. ஒன்றிரண்டு நிமிஷம் ஓடவிட்டால் திடீரென்று சுத்தமாகிவிடும், அதற்கப்புறம் அன்று முழுக்க எந்தத் தொல்லையும் இல்லை. மதியம் மறுபடி ஸ்டார்ட் செய்தாலும் பட்டுப்போல ஓடும். முதலில் எப்போதாவது வந்தது, இப்போது கிட்டத்தட்ட ஒவ்வொரு காலையும். ஜூலைக் குளிர்காலத்தில் ஜோகன்னஸ்பர்க் ரேண்ட் விமான நிலையத்தில் இரவு வெளியில் நிறுத்திவிட்டு, விடிந்ததும் உறைபனியில் ஸ்டார்ட் செய்தபோதுதான் ரொம்ப மோசமாக இருந்தது.

அதே பயணத்தில் இன்னொன்றும் நடந்தது. ரேண்டிலிருந்து கிளம்பும்போது, எஞ்சின் சூடான பிறகும், முழு த்ராட்டிலில் முட்டி முட்டி ஓடியது, இழுவையும் குறைவு. டர்பனில் அப்படி வருவதே இல்லை. இரண்டும் ஒரே நோயா, வேறு வேறா?

இதுவரை செய்தது: ஒர்க்ஷாப்பில் எட்டு ஸ்பார்க் பிளக்கையும் புதிதாகப் போட்டார்கள். மாற்றம் இல்லை. இப்போது பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் இரண்டு மேக்னெட்டோவையும் மாற்றலாம் என்கிறார்கள். அந்தச் செலவை நினைத்தால் பங்காளிகளுக்குள் சண்டை வரும். ஒரு பங்காளி சாட்ஸ்வொர்த்காரர், வாங்கிய அன்று எலுமிச்சம்பழம் நசுக்காமல் விட்டதுதான் காரணம் என்று அடித்துச் சொல்கிறார். அதையும் செய்துவிட்டோம், உதறல் போகவில்லை.

கடற்கரைக்காற்று (உம்லங்கா)

கார்ப் ஐஸ், அதாவது கார்புரேட்டருக்குள் ஐஸ் படிவது, பார்த்தீர்களா? நம் ஊர் ஈரப்பதத்துக்கு அது சாதாரணம். வெளியில் 25 டிகிரி இருந்தாலும் கார்புரேட்டர் தொண்டையில் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பம் 20, 30 டிகிரி இறங்கிவிடும், காற்றில் உள்ள ஈரம் அங்கேயே உறைந்துவிடும். கார்ப் ஹீட்டை (கார்புரேட்டருக்குச் சூடான காற்று விடும் நாப்) முழுசாக இழுத்துப் பாருங்கள். ஐஸ் இருந்தால் முதலில் இன்னும் மோசமாக உதறும், உருகிய தண்ணீரை எஞ்சின் விழுங்குகிறது, அப்புறம் ஆர்பிஎம் ஏறிச் சரியாகும். பாதி பேர் அந்த முதல் உதறலைப் பார்த்துப் பயந்து நாபை உள்ளே தள்ளிவிடுகிறார்கள், அங்கேதான் ஆபத்து.

இன்னொன்று, பிரைமர் நாப், ஸ்டார்ட்டுக்கு முன் கையால் எஞ்சினுக்குப் பெட்ரோல் அடிக்கும் பம்ப். காலையில் பிரைம் செய்துவிட்டுச் சரியாகப் பூட்டாமல் விட்டால் எஞ்சின் அதன் வழியே பச்சைப் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், ஐடிலில் நன்றாக உதறும். பைசா செலவில்லாத சோதனை, முதலில் இதைச் செய்யுங்கள்.

வேகவிரும்பி

எதற்கு இவ்வளவு யோசனை, மேக்னெட்டோ, ஹார்னஸ் (பிளக் வயர்கள்), கார்புரேட்டர் எல்லாம் ஓவர்ஹால் செய்து போட்டுவிட்டால் அடுத்த ஐந்து வருஷம் நிம்மதி.

நட்டுபோல்ட்டு (ஜெர்மிஸ்டன்)

வேகவிரும்பி தம்பி, உங்கள் பணமாக இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் நல்ல பாகங்களைக் கழற்றி, முன்பின் தெரியாத பாகங்களை மாட்டினால் ஒரு பழுது போய் மூன்று வரும். நான் ஹேங்கரில் பாதி நாள் செய்வதே அப்படி மாட்டியதைச் சரிசெய்வதுதான்.

செரோகிபங்காளி, பாகத்தைப் பற்றிப் பேசாமல் முதலில் நேரத்தைப் பற்றிப் பேசுவோம். உங்கள் உதறல் குளிரில் மட்டும் வருகிறது, சூட்டில் போய்விடுகிறது. மேக்னெட்டோ காயில் கெடும்போது பெரும்பாலும் நேர் எதிராக நடக்கும், குளிரில் நன்றாக ஓடி, சூடேறிய பிறகு மிஸ்ஸிங் அடிக்கும். பெட்ரோலில் இருக்கிற ஈயம் பிளக்கில் அடைத்திருந்தால் ரன்-அப்பில் (கிளம்பும் முன் தரையில் எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் சோதனை) ஒரு பக்கம் மட்டும் தெரியும். இதற்கெல்லாம் உங்கள் கதை பொருந்தவில்லை. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, ஆனால் இப்போது சொன்னால் நீங்கள் அதையே தேடுவீர்கள். இதைச் செய்துவிட்டு வாருங்கள்:

அடுத்த காலை, உதறல் இருக்கும்போதே, ஐடிலுக்குச் சற்று மேலே வைத்து சாவியை இடது, வலது, இரண்டும் என்று மாற்றிப் பாருங்கள். எந்த மேக்னெட்டோவில் உதறல் அதிகம், எதில் குறைவு, அல்லது மூன்றிலும் ஒரே மாதிரியா? இதுதான் மொத்த விஷயத்துக்கும் சாவி. இந்த எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக், இரண்டும் தனித்தனி மேக்னெட்டோவில். ஒரு பிளக்கோ ஒரு வயரோ கெட்டால் ஒரு மேக்னெட்டோவில் மட்டும் தெரியும், மற்றதில் சுத்தமாக ஓடும். மூன்று நிலையிலும் அதே உதறல் என்றால் ஒரே சிலிண்டரின் இரண்டு பிளக்கும் ஒரே நேரத்தில் கெட்டு, ஒரே நேரத்தில் சரியாக வேண்டும். அது நடக்கிற காரியமா? அப்போது தீப்பொறியை விட்டுவிட்டு பெட்ரோல், காற்று, வால்வு பக்கம் போகலாம்.

இரண்டாவது, எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிப்பது. உதறல் இருக்கும்போதே, அது தெளிவதற்குள், மிக்ஸ்சரை (காற்றோடு சேரும் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் நாப்) இழுத்து நிறுத்துங்கள். உடனே நாலு எக்ஸாஸ்ட் குழாயையும் சிலிண்டருக்குப் பக்கத்தில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். எரியாத சிலிண்டரின் குழாய் குளிர்ந்து கிடக்கும். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், ப்ரொப்பெல்லரைத் தொடவே வேண்டாம். மேக்னெட்டோவை எர்த் செய்து அணைக்கும் வயர் அறுந்திருந்தால் சாவி இல்லாமலும் அது உயிரோடுதான் இருக்கும், கையால் லேசாகத் திருப்பினாலே எஞ்சின் எகிறும்.

மூன்றாவது, சூடான பிறகு வழக்கமான மேக் செக். லைகமிங் சொல்வது ஒரு மேக்னெட்டோவில் 175 ஆர்பிஎம்முக்கு மேல் விழக்கூடாது, இரண்டுக்கும் வித்தியாசம் 50-ஐத் தாண்டக்கூடாது. உங்கள் விமானக் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் கணக்கு. எண்ணைவிட முக்கியம், விழும்போது வழவழவென்று விழுகிறதா, உதறிக்கொண்டு விழுகிறதா என்பது.

நிறுத்தும்போது ஐடிலில் மிக்ஸ்சரை மெதுவாக இழுத்து, எஞ்சின் அணைவதற்கு முன் ஆர்பிஎம் எவ்வளவு ஏறுகிறது என்றும் பாருங்கள். 10 முதல் 50 வரை ஏறினால் நல்லது. கொஞ்சமும் ஏறாமல் அணைந்தால் ஐடில் மிக்ஸ்சரில் பெட்ரோல் குறைவு, எங்கோ காற்று கசிந்து உள்ளே போகலாம். இன்டேக் குழாய் சிலிண்டரோடு சேரும் இடங்களில் நீலக் கறை இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள், நம் அவ்காஸ் (விமானப் பெட்ரோல்) நீல நிறம், கசிவு இருந்தால் அதுவே காட்டிக்கொடுக்கும்.

இவ்வளவும் தரையில். அதுவரை பறக்க வேண்டாம்.

செரோகிபங்காளி (டர்பன்)

நன்றி அண்ணா. எல்லாம் பார்த்தாயிற்று.

பிரைமர் பூட்டியே இருக்கிறது. கார்ப் ஹீட் இழுத்தால் ஆர்பிஎம் கொஞ்சம் விழுகிறது, உதறல் அப்படியே இருக்கிறது, ஆகவே ஐஸ் இல்லை. உதறும்போது இடது, வலது, இரண்டும், மூன்றிலும் ஒரே உதறல். துளி வித்தியாசம் இல்லை. பிராய் (இறைச்சி சுடும்) அடுப்புக்கு வாங்கி வைத்திருந்த தெர்மாமீட்டரைக் கொண்டுபோனேன். மூன்று குழாய் 150 டிகிரிக்கு மேல், பின்பக்கம் வலது சிலிண்டர், அதாவது மூன்றாம் நம்பர், 60-ஐக்கூடத் தொடவில்லை.

சூடானபின் மேக் செக்: இடது 90, வலது 110, இரண்டும் வழவழ. நிறுத்தும்போது 30 ஏறியது. நீலக் கறை எங்கும் இல்லை.

ஒர்க்ஷாப்பில் கம்ப்ரெஷன் டெஸ்ட்டும் செய்தார்கள், சூடான எஞ்சினில். மூன்றாம் சிலிண்டர் 80-க்கு 76. நாலிலும் அதுதான் நல்ல எண்! அதனால் சிலிண்டரில் எதுவும் இல்லை, மேக்னெட்டோதான் என்று மறுபடி அதே இடத்துக்கு வந்து நிற்கிறார்கள்.

நட்டுபோல்ட்டு (ஜெர்மிஸ்டன்)

சூடான எஞ்சினில் 76 வரத்தான் செய்யும். அப்போது நோய் வீட்டில் இல்லையே.

இனி சொல்லலாம். மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு அதன் கைடில் சிக்குகிறது. இந்த எஞ்சின்களில் இது பழைய வியாதி, பைலட்டுகள் ‘மார்னிங் சிக்னஸ்’ என்பார்கள். லைகமிங் சர்வீஸ் புல்லட்டின் 388சி இதற்காகவே வந்தது.

நடப்பது என்னவென்றால், எக்ஸாஸ்ட் வால்வின் தண்டு ஓடும் கைடுக்குள் ஈயமும் எரிந்த ஆயிலும் கரியாகப் படிந்து, இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் வால்வுத் தண்டு எரிந்து வெளியேறும் வாயுவில் நேரடியாக நிற்பதால் சட்டென்று சூடாகி விரிகிறது, அதைச் சுற்றியுள்ள சிலிண்டர் தலை இன்னும் குளிர்ந்தே இருக்கிறது. இருக்கிற சொற்ப இடைவெளியும் போய், வால்வு முழுசாக மூடாமல் நின்றுவிடுகிறது. மூடாத வால்வுள்ள சிலிண்டரில் அழுத்தம் ஏது, எரிவது ஏது? அதனால்தான் எந்த மேக்னெட்டோவில் வைத்தாலும் ஒரே உதறல். சில நிமிஷத்தில் தலையும் சூடாகி கைடு விரிந்ததும் வால்வு விடுபடுகிறது, எஞ்சின் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடுகிறது. ரேண்டில் உறைபனியில் மோசமாக இருந்ததற்கும் இதேதான் விளக்கம், தலை எவ்வளவு குளிரோ அவ்வளவு நேரம் சிக்கல்.

‘சூடானால் சரியாகிவிடுகிறதே’ என்று பறப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன், இது தானாக ஆறுகிற நோய் இல்லை. வால்வு ஒரு நாள் மூடிய நிலையில் சிக்கினால் வால்வைத் திறக்கிற கேம் விடாமல் தள்ளும், இடையில் இருக்கிற புஷ் ராடு கம்பி வளையும், அதைச் சுற்றியுள்ள குழாய் நசுங்கி ஆயில் ஒழுகும். திறந்த நிலையில் கெட்டியாகச் சிக்கினால் நாலில் ஒரு சிலிண்டர் இல்லாமல் கடல் மேல் திரும்பிவர வேண்டும். வர்ஜீனியாவில் ரன்வே முடிந்தால் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

ஒர்க்ஷாப்பில் கேட்க வேண்டியது: வால்வுக்கு மேலே இருக்கிற ராக்கர் கவரைக் கழற்றி, வால்வு ஸ்ப்ரிங் எடுத்துவிட்டு, 388சி முறைப்படி வால்வுத் தண்டு கைடில் எவ்வளவு ஆடுகிறது என்று அளக்க வேண்டும். ஆட்டம் குறைவு என்றால் கரி அடைத்திருக்கிறது. மிக அதிகம் என்றால் கைடு தேய்ந்திருக்கிறது, அது வேறு கதை, சிலிண்டர் கழற்ற வேண்டும். கரிதான் என்றால் சிலிண்டரைக் கழற்றாமலே சுத்தம் செய்யலாம், லைகமிங் சர்வீஸ் இன்ஸ்ட்ரக்ஷன் 1425-இல் முறை இருக்கிறது. வால்வை சிலிண்டருக்குள் இறக்கி, கைடை ரீமர் (துளையைச் சுரண்டும் கருவி) போட்டுச் சுத்தம் செய்து, வால்வை மறுபடி மீன் பிடிக்கிற மாதிரி மேலே இழுத்துக் கோக்க வேண்டும். ஸ்ப்ரிங் எடுக்கும்போது வால்வு தானாக விழாமலிருக்க பிளக் துவாரம் வழியாக நைலான் கயிற்றைத் திணித்து, பிஸ்டனை மேலே கொண்டுவந்து முட்டுக்கொடுப்போம். பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் பொறுமை வேண்டும், பழகிய கை வேண்டும். மூன்றைச் செய்யும்போது மற்ற மூன்றையும் அளந்துவிடச் சொல்லுங்கள், ஒன்றில் அடைத்தது மற்றவற்றிலும் கொஞ்சமாவது அடைத்திருக்கும்.

புஷ் ராடைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டி, வளைந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஹைவெல்ட்வாத்தி (ஜோகன்னஸ்பர்க்)

வால்வு விஷயத்தில் நட்டுபோல்ட்டு அண்ணன் சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ரேண்டில் முழு த்ராட்டிலில் முட்டியது வேறு விஷயம், அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

வர்ஜீனியா கடல் மட்டத்தில் இருக்கிறது. ரேண்ட் ஏறத்தாழ 5,480 அடி. கார்புரேட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. காற்று மெலிந்தாலும் அது ஊற்றுகிற பெட்ரோலை அதே விகிதத்தில் குறைக்காது. மிக்ஸ்சரை முழுசாக உள்ளே தள்ளிக் கிளம்பினால் இங்கே எஞ்சின் பெட்ரோலில் மூழ்கிவிடும், முட்டி முட்டி ஓடும், இருக்கிற கொஞ்சம் சக்தியும் போய்விடும். கடற்கரையில் பயிற்சி எடுத்தவர்கள் கைக்கு ‘டேக்-ஆஃப் என்றால் மிக்ஸ்சர் உள்ளே’ என்று பழகிப்போயிருக்கும். நான் இங்கே மாணவர்களிடம் முதலில் உடைக்கிற பழக்கமே அதுதான். ரன்-அப்பில் மெதுவாக இழுங்கள், ஆர்பிஎம் ஏறி உச்சம் தொட்டு விழ ஆரம்பிக்கும், அந்த உச்சத்திலிருந்து துளி உள்ளே தள்ளி வைத்துக் கிளம்புங்கள். திரும்பி டர்பனுக்கு இறங்கும்போது மறக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிக்கொண்டே வர வேண்டும், மேலே வைத்த மிக்ஸ்சரோடு கடல் மட்டத்துக்கு வந்தால் எஞ்சின் பட்டினியில் உதறும், சூடாகவும் ஓடும்.

இழுவை குறைந்ததில் ஒரு பங்கு இயற்கை. நீங்கள் வந்தது குளிர்காலத்தில், கோடையில் ரேண்டில் 30 டிகிரி என்றால் டென்சிட்டி ஆல்டிடியூட், அதாவது காற்றின் மெலிவை வைத்துக் கணக்கிடும் உயரம், 8,000 அடியைத் தாண்டிவிடும். அங்கே 150 குதிரையில் கால்வாசிக் குதிரை லாயத்திலேயே தங்கிவிடும். நாலு பேரும் ஏறி டேங்கும் நிரப்பிக்கொண்டு செரோகி 140-இல் கிளம்ப நினைக்க வேண்டாம்.

கடைசியாக, ஆகாயத்தில் உதறல் வந்தால் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். முதலில் வேகத்தைப் பிடித்து, இறங்கக்கூடிய இடம் பக்கம் மூக்கைத் திருப்புங்கள். அப்புறம் கார்ப் ஹீட் முழுசாக, பொறுமையாக. பெட்ரோல் பம்ப் போடுங்கள், டேங்க் மாற்றுங்கள், மிக்ஸ்சரை இரு பக்கமும் நகர்த்திப் பாருங்கள். மேக்னெட்டோவை ஒவ்வொன்றாகப் பார்ப்பது கடைசியில்தான். ஒன்றில் வழவழவென்று ஓடினால் அதிலேயே விட்டுவிட்டு இறங்குங்கள், மேக்னெட்டோவுக்குள் பல்சக்கரம் உடைந்து தப்பான நேரத்தில் பொறி விட்டால் அந்த ஒன்றை அணைப்பதுதான் மருந்து. எஞ்சின் அடங்கிப்போனால் உடனே பழைய நிலைக்குத் திருப்பிவிடுங்கள்.

ரோட்டாக்ஸ்காரன் (டெடர்ஃபீல்ட்)

படிக்கப் படிக்க என் ஸ்லிங் விமானத்தின் மேல் அன்பு கூடுகிறது. அதிலுள்ள ரோட்டாக்ஸ் 912 எஞ்சினில் மிக்ஸ்சர் நாபே கிடையாது, உயரத்துக்கு ஏற்ப கார்புரேட்டர் தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் ஐடிலில் உதறினால் இரண்டு கார்புரேட்டரும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம், அல்லது உள்ளே மிதவை கனத்து மூழ்கியிருக்கும். அதை அப்படியே ஓட்டினால் கியர்பாக்ஸ் அடி வாங்கும். ஆக, இங்கேயும் காலை நேரத் தலைவலி உண்டு.

செரோகிபங்காளி (டர்பன்)

முடிந்தது. மூன்றாம் சிலிண்டர் எக்ஸாஸ்ட் வால்வு கைடில் அசையவே இடமில்லை, ராக்கரை எடுத்துவிட்டு விரலால் தள்ளியபோதும் பாதியில் பிடித்துக்கொண்டது. ஒன்றாம் சிலிண்டரும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தது. இரண்டையும் கயிறு திணித்து, சிலிண்டர் கழற்றாமல் ரீம் செய்தார்கள். புஷ் ராடு நேராகவே இருந்தது. பழைய மேக்னெட்டோக்கள் அப்படியே இருக்கின்றன. அடுத்த நாள் விடியற்காலை ஸ்டார்ட் செய்தோம், முதல் வினாடியிலிருந்தே நாலு சிலிண்டரும் எரிகிறது. பங்காளி எலுமிச்சம்பழம் கொஞ்சம் தாமதமாக வேலை செய்ததாகச் சொல்கிறார்.

ஒரே ஒரு கேள்வி. இது மறுபடி வராமலிருக்க என்ன செய்வது? எங்கள் எஞ்சினில் ஆயில் ஃபில்டர் இல்லை, வெறும் வலை மட்டும்தான்.

நட்டுபோல்ட்டு (ஜெர்மிஸ்டன்)

வலை மட்டும் என்றால் 25 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும், அல்லது நாலு மாதம், எது முதலில் வருகிறதோ அது. ஃபில்டர் அடாப்டர் வாங்கிப் போட்டால் 50 மணி, ஆனால் நாலு மாதக் கணக்கு அப்படியேதான். கடற்கரையில் நிற்கும் விமானத்துக்கு மணியைவிட மாதம்தான் முக்கியம். வாரக்கணக்கில் சும்மா நின்றால் கேம் துருப்பிடிக்கும், இந்த எஞ்சின்களில் கேம் மேல் பக்கம் இருப்பதால் ஆயில் சீக்கிரம் வடிந்துவிடும். நாலு பங்காளியில் யாராவது ஒருவர் வாரம் ஒருமுறை போய் ஆயில் நன்றாகச் சூடாகும்வரை பறந்துவிட்டு வாருங்கள். தரையில் மட்டும் ஸ்டார்ட் செய்துவிட்டு நிறுத்துவது பறக்காமலிருப்பதைவிடக் கெடுதல்.

தரையில் டாக்ஸி ஓட்டும்போது மிக்ஸ்சரை நன்றாக இழுத்து வையுங்கள். த்ராட்டில் கொடுத்தால் எஞ்சின் திணறுகிற அளவுக்கு, அப்போதுதான் மறந்துபோய் அப்படியே டேக்-ஆஃப் செய்ய முடியாது. அவ்காஸில் இருக்கிற ஈயம், குளிர்ந்த எஞ்சினில் மிக்ஸ்சர் கெட்டியாக ஓடும்போதுதான் அதிகம் படிகிறது. பிளக்குக்கும் நல்லது, வால்வுக்கும் நல்லது.

வேலையை லாக்புக்கில் எழுதி வாங்கிவிட்டீர்களா? எந்த சிலிண்டர், எந்த வால்வு, எவ்வளவு ஆட்டம் என்ற எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். அடுத்த எம்பிஐ-யில் (கட்டாயப் பருவப் பரிசோதனை) ஒப்பிட அந்த எண் வேண்டும்.